எதிர்ப்பொருளை எண்ணும் வேலை: சிபி மீறல் அளவீட்டில் சறுக்கும் இடங்கள்

சிபி மீறலை, அதாவது துகளும் எதிர்த்துகளும் சிதையும் விதத்தில் உள்ள வேறுபாட்டை, அளக்க உட்காருகிறவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது, நம் உணர்கருவி முழுக்க முழுக்கப் பருப்பொருளால் ஆனது என்பதை. சிலிக்கான் தகடு, பெரிலியக் குழாய், அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் இழை எல்லாவற்றிலும் இருப்பவை புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் மட்டுமே. எதிர்ப்பொருளில் செய்த இன்னொரு கருவியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழி கிடையாது. அதனால் துகளும் எதிர்த்துகளும் கருவிக்குள் நுழையும்போது இரண்டுக்கும் ஒரே கவனிப்பு கிடைப்பதில்லை. இயற்கையில் துளி வேறுபாடு இல்லாவிட்டாலும் எண்ணிக்கையில் வேறுபாடு வந்து நிற்கும். பல சமயம் அது நாம் தேடுவதைவிடப் பத்து மடங்கு பெரிதாக இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அளக்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துகளை எதிர்த்துகளாக்கி, இடதை வலதாக்கி (இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்ததே சிபி), அதே சிதைவை மறுபடி பார்த்தால் நிகழ்வீதம் மாறக்கூடாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1964இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜேம்ஸ் கிரோனின், வால் ஃபிட்ச் குழுவினர் நீண்ட ஆயுள் கொண்ட நடுநிலைக் கேயான்களில் ஆயிரத்துக்குச் சுமார் 2, இரண்டு பையான்களாகச் சிதைவதைக் (கேயான், பையான் இரண்டும் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த மெசான் வகைத் துகள்கள்) கண்டதும் அந்த நம்பிக்கை போயிற்று. 1973இல் கொபயாஷியும் மஸ்காவாவும் மூன்று தலைமுறைக் குவார்க்குகள் இருந்தால் அவற்றின் கலப்பில் வரும் ஒரே ஒரு கட்டக் கோணம் இந்த மீறலைத் தரும் என்று காட்டினார்கள். 2001இல் பாபர், பெல் ஆய்வுகள் பி மெசான்களிலும் மீறலைக் கண்டன. ஆனால் பிரபஞ்சத்தில் ஆயிரம் கோடி ஃபோட்டான்களுக்குச் சுமார் 6 பேரியான்கள் (புரோட்டான், நியூட்ரான் போன்ற மூன்று குவார்க் துகள்கள்) மிஞ்சியிருக்கின்றன. அந்த ஒரு கோணத்தைக் கொண்டு இந்த அளவு மிச்சத்தை விளக்க முடியவில்லை. எனவே அந்தக் கோணத்துக்குள் அடங்காத ஒரு சமச்சீரின்மை எங்காவது தென்படுமா என்று தேடுகிறோம். தென்பட்டால் அது புதிய இயற்பியலின் தடயம்.

தேட வேண்டிய இடம் பெரிது. ஆனால் சார்ம் குவார்க் கொண்ட டி0 மெசானின் கதையில் ஏறக்குறைய எல்லாச் சறுக்கலும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதனால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

எண்ணிக்கைக்கு முன் பிழைக்கோடு

சமச்சீரின்மை என்பது எளிய வகுத்தல். துகள் சிதைவுகளின் எண்ணிக்கையிலிருந்து எதிர்த்துகள் சிதைவுகளின் எண்ணிக்கையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சமச்சீரின்மை சிறியதாக இருக்கும்வரை புள்ளியியல் பிழை, மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் தலைகீழ். பத்து லட்சம் சிதைவுகள் இருந்தால் பிழை 0.1 சதவீதம். 0.1 சதவீத விளைவை 5 சிக்மாவில், அதாவது பிழையைப் போல் ஐந்து மடங்கு அளவில், நிறுவ வேண்டுமென்றால் பிழை 0.02 சதவீதமாக இறங்க வேண்டும். அதற்கு 2.5 கோடி சிதைவுகள் தேவை, அதுவும் பின்னணி ஏதுமில்லாத நிலையில்.

எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். 2019 மார்ச்சில், செர்னின் எல்எச்சி மோதுகருவியில் இயங்கும் எல்எச்சிபி குழு அறிவித்த முடிவில் மெது பையானால் அடையாளம் இட்ட (இது என்ன என்பது அடுத்த பகுதியில்) 4.4 கோடி இரு-கேயான் சிதைவுகளும் 1.4 கோடி இரு-பையான் சிதைவுகளும் இருந்தன. முதலாவதன் பிழை 0.015 சதவீதம், இரண்டாவதன் பிழை 0.027. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.031. அவர்கள் கொடுத்த புள்ளியியல் பிழை 0.032. பின்னணியும் எடையிடலும் (நிகழ்வுகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்து எண்ணுவது) சேர்ந்து பிழையைச் சிறிது கூட்டியிருக்கின்றன, அது இயல்பு. உங்கள் சொந்தப் பகுப்பாய்வில் பிழை இந்த எளிய கணக்கைவிடக் குறைவாக வந்தால் எங்கோ ஒரே நிகழ்வை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள், அல்லது எடைகளைப் பிழைக்குள் கொண்டுவர மறந்திருக்கிறீர்கள். ஒன்றரை மடங்குக்கு மேல் கூடியிருந்தால் எடையிடலில் சில நிகழ்வுகள் மட்டும் மிகப் பெரிய எடை வாங்கியிருக்கும். அப்போது எடைகளின் பரவலை வரைந்து வாலைப் பாருங்கள்.

அடையாளம் எப்படி வருகிறது, அதோடு என்ன ஒட்டி வருகிறது

டி0 மெசான் நேர்மின் கேயான், எதிர்மின் கேயான் என்ற இணையாகச் சிதைகிறது. எதிர்த்துகளும் அதே இணையைத்தான் தருகிறது. விளைபொருளைப் பார்த்து யார் வந்தார் என்று சொல்ல முடியாது. அதனால் பிறக்கும்போதே அடையாளம் இட வேண்டும். டி0வைவிடச் சற்றே கனமான மெசானான நேர்மின் டி-ஸ்டார், டி0வாகவும் நேர்மின் பையானாகவும் உடையும். எதிர்மின் டி-ஸ்டார் எதிர்த்துகளையும் எதிர்மின் பையானையும் தரும். ஆக, கூட வரும் பையானின் மின்னேற்றமே அடையாளச் சீட்டு. டி-ஸ்டாருக்கும் டி0வுக்கும் நிறை வேறுபாடு 145.4 மெகா எலக்ட்ரான்வோல்ட். பையானின் நிறை 139.6. மிஞ்சுவது 6க்கும் குறைவு. அதனால் பையான் மிக மெதுவாக வெளிவருகிறது. வசதியும் தொல்லையும் இங்கிருந்தே தொடங்குகின்றன. நிறை வேறுபாட்டை வரைந்தால் கூர்மையான சிகரம் கிடைக்கிறது, பின்னணியைப் பிரிப்பது எளிதாகிறது. ஆனால் மெதுவான பையானைக் காந்தம் இஷ்டத்துக்கு வளைத்துவிடுகிறது.

நாம் எண்ணிப் பெறும் கச்சா சமச்சீரின்மைக்குள் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. உண்மையான சிபி மீறல் ஒன்று. மெது பையானைக் கண்டறிவதில் வரும் வேறுபாடு இன்னொன்று. எல்எச்சியில் புரோட்டானும் புரோட்டானும் மோதுவதால், தொடக்கமே பருப்பொருள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் டி-ஸ்டாரின் இரு மின்னேற்றங்களும் சரிசமமாகப் பிறப்பதில்லை. இந்த உற்பத்திச் சாய்வு மூன்றாவது. பின்னிரண்டும் சேர்ந்து ஒரு சதவீத அளவுக்கு வரக்கூடும். தேடும் விளைவோ அதில் பத்தில் ஒன்று.

வழி என்னவென்றால் இரு-கேயான் சிதைவுக்கும் இரு-பையான் சிதைவுக்கும் தனித்தனியே கச்சா அளவை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிப்பது. இரண்டிலும் மெது பையான் ஒன்றே, டி-ஸ்டாரும் ஒன்றே. விளைபொருள் இணையில் நேரும் எதிரும் சேர்ந்தே இருப்பதால் அங்கே கண்டறியும் சாய்வு இல்லை. கழித்ததும் மூன்றில் இரண்டு கரைந்துபோகும். மிஞ்சுவது இரு சிபி மீறல்களின் வேறுபாடு மட்டும். இதைத்தான் டெல்டா-ஏ-சிபி என்கிறார்கள். துறையில் மிக அழகான உத்திகளில் ஒன்று இது.

ஆனால் கழித்தல் தானாக வேலை செய்யாது. இரு-பையான் சிதைவில் வெளியாகும் ஆற்றல் அதிகம். தேர்வு வடிகட்டிகளைக் கடந்து வரும் டி-ஸ்டார்களின் உந்தப் பரவல் இரண்டு வகைகளுக்கும் வேறு வேறாகிறது. கண்டறியும் சாய்வும் உற்பத்திச் சாய்வும் உந்தத்தைப் பொறுத்து மாறுபவை. பரவல் வேறானால் அவை முழுதாகக் கரையாது. அதனால் டி-ஸ்டாரின் உந்தம், குறுக்கு உந்தம், கற்றையைச் சுற்றிய அசிமுத் கோணம் மூன்றும் ஒத்துப்போகும்படி ஒரு மாதிரிக்கு எடை கொடுக்க வேண்டும். எடை கொடுத்த பிறகு டி-ஸ்டாரை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், மெது பையானின் பரவலையும் தனியே மேலொன்றாக வைத்து வரைந்து பாருங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் விடுவது இந்தப் படம்தான்.

காந்தமும் விளிம்பும்

எல்எச்சிபி காந்தத்தின் வளைக்கும் திறன் சுமார் 4 டெஸ்லா-மீட்டர். புலம் செங்குத்து. ஆகவே நேர்மின் துகள் ஒரு பக்கமும் எதிர்மின் துகள் மறுபக்கமும் கிடைமட்டமாக விலகும். கருவியின் இடப்பாதியும் வலப்பாதியும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் சில உணரிகள் செத்திருக்கும், இன்னொரு பக்கம் சற்றே விலகி நிற்கும். அது நேரே மின்னேற்றச் சாய்வாக மாறும். இதைச் சமாளிக்கவே காந்தத்தின் திசையை அவ்வப்போது புரட்டிப் போட்டுத் தரவு எடுக்கிறார்கள்.

இங்கே ஒரு கைப்பிழை அடிக்கடி நடக்கும். மேல்நோக்கிய புலத் தரவையும் கீழ்நோக்கிய புலத் தரவையும் ஒரே கோப்பில் கொட்டி எண்ணிவிடுவது. இரண்டிலும் தரவு அளவு சமமாக இல்லாததால் சாய்வு முழுதாக நீங்காது. சரியான முறை, இரண்டிலும் தனித்தனியே சமச்சீரின்மையைக் கணக்கிட்டு, எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் நேர் சராசரி எடுப்பது. புள்ளியியல் பிழை கொஞ்சம் கூடும், கூடட்டும். இடவலச் சாய்வு போய்விடும். இரண்டு திசைகளிலும் கச்சா எண்கள் எதிரெதிர்க் குறியோடு வந்தால் பயப்பட வேண்டாம், அதை எதிர்பார்க்கவே செய்யலாம். ஆனால் டெல்டா எடுத்த பிறகும் இரு திசைகளும் ஒத்துப்போகவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

விளிம்பு வேறு வகைத் தொல்லை. காந்தத்துக்குப் பின் உள்ள தடக்கருவியின் ஓரத்தில் ஒரு மின்னேற்றப் பையான் உள்ளே வளைந்து அகப்படும். எதிர் மின்னேற்றப் பையான் வெளியே போய்விடும். கற்றைக்குழாயைச் சுற்றியும் இதே நிலைதான். அந்தப் பகுதிகளில் கச்சா சமச்சீரின்மை 100 சதவீதம்வரை போகும். காந்தத்தைப் புரட்டினால் குறி மாறும் என்பது உண்மைதான். ஆனால் அவ்வளவு பெரிய எண் இரண்டிலிருந்து சிறிய எண்ணைப் பிரித்தெடுக்க நினைப்பது வீண் துணிச்சல். மெது பையானின் கிடைமட்ட உந்தத்தை ஓர் அச்சிலும் நெடுக்கு உந்தத்தை மற்றோர் அச்சிலும் வைத்துச் சமச்சீரின்மையின் படத்தை வரையுங்கள். இரண்டு கொம்புகள் போலக் கருத்த பகுதிகள் தெரியும். அவற்றை வெட்டி எறிய வேண்டும். மாதிரியில் கணிசமான பங்கு போய்விடும். மனம் வராது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும்.

இன்னும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறோம். சிகரத்தைப் பொருத்தும்போது இரு மின்னேற்றங்களுக்கும் சிகரத்தின் இடமும் அகலமும் தனித்தனியே மாற விடுங்கள். உந்த அளவீட்டின் நுண்பிழை மின்னேற்றத்தைப் பொறுத்தது, ஆகவே சிகரங்கள் மிக மிகச் சிறிதளவு நகரும். பின்னணியின் சமச்சீரின்மையையும் பூஜ்யம் என்று பூட்டிவிடக் கூடாது. பி மெசானிலிருந்து இரண்டாம் கையாக வரும் டி-ஸ்டார்களுக்கு உற்பத்திச் சாய்வு வேறு, அவற்றின் பங்கு இரண்டு வகைகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேயான், பையான், நடுநிலைப் பையான் என மூன்றாகச் சிதைந்த டி0, ஒரு துகள் தவறிப்போய் இரு-கேயான் போல வேடமிட்டு வந்தால், மெது பையான் அசலானது என்பதால் நிறை வேறுபாட்டிலும் அது சிகரமாகவே தெரியும். 2019 முடிவில் முறைசார் பிழை மொத்தம் 0.009 சதவீதம். அதில் பெரும்பகுதி பொருத்தும் சார்பின் வடிவத்திலிருந்தும் இந்த வேடதாரிப் பின்னணியிலிருந்தும் வந்தது.

இன்னொரு அடையாள முறையும் உண்டு. பி மெசான் சிதையும்போது கூட வரும் மியூவானின் (எலக்ட்ரானின் கனத்த உறவு) மின்னேற்றத்தைப் பார்ப்பது. இதில் தவறான மியூவான் ஒட்டிக்கொள்வது தனித் தொல்லை. நூற்றுக்கு ஒன்று தவறானால் சமச்சீரின்மை நூற்றுக்கு இரண்டு சுருங்கும். ஆனால் இந்த முறையின் குறைகள் பையான் முறையின் குறைகளோடு தொடர்பில்லாதவை. ஒரே கேள்விக்கு வேறு வேறு வழியில் தவறக்கூடிய இரண்டு முறைகள் வைத்திருப்பது பெரும் செல்வம். ஏன் என்பது அடுத்து வரும் எண்களில் தெரியும்.

0.82இலிருந்து 0.154வரை

2011 நவம்பரில் எல்எச்சிபி முதல் முடிவைச் சொன்னது: −0.82 ± 0.21 ± 0.11 சதவீதம் (முதல் பிழை புள்ளியியல், அடுத்தது முறைசார்), 3.5 சிக்மா. அன்று பலர் கணித்திருந்தது 0.1 சதவீதத்துக்கும் கீழே. மறு ஆண்டு ஃபெர்மி ஆய்வகத்தின் சிடிஎஃப் ஆய்வு −0.62 ± 0.21 ± 0.10 என்றது. இரண்டு கருவிகள், இரண்டு மோதுமுறைகள், ஒரே திசை. புதிய இயற்பியல் என்று ஏராளமான கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. 2013இல் எல்எச்சிபியின் மியூவான் முறை +0.49 ± 0.30 ± 0.14 என்று எதிர்த்திசையில் வந்தது. அதே ஆண்டு பையான் முறையின் முதனிலை முடிவு −0.34க்கு இறங்கியது. 2016இல் −0.10 ± 0.08 ± 0.03. கடைசியில் 2019இல் பையான் முறை −0.182 ± 0.032 ± 0.009, மியூவான் முறை −0.09 ± 0.08 ± 0.05. முந்தைய தரவோடு சேர்த்து −0.154 ± 0.029 சதவீதம், 5.3 சிக்மா. சார்மில் சிபி மீறல் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். 2011 முடிவில் தவறு ஏதும் நடந்ததாகச் சொல்ல முடியாது. குறி சரி, பூஜ்யம் இல்லை என்பதும் சரி. அளவு மட்டும் ஐந்து மடங்கு பெரிதாக இருந்தது. அதற்கு ஒரு கட்டாயக் காரணம் உண்டு. அன்றைய மொத்தப் பிழை சுமார் 0.24. அந்தப் பிழையோடு 3 சிக்மா சொல்ல வேண்டுமென்றால் அளந்த எண் 0.71க்கு மேல் வந்தாக வேண்டும். உண்மை 0.15 என்றால், ஏற்ற இறக்கம் அதை நான்கைந்து மடங்கு ஊதினால்தான் தடயம் என்று பேசவே முடியும். ஊதாமல் வந்திருந்தால் அது பூஜ்யத்தோடு ஒத்த இன்னோர் எண்ணாகப் போயிருக்கும், யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பிழைக்கோடு பெரிதாக இருக்கும் காலத்தில் வெளிச்சத்துக்கு வரும் எந்தத் தடயமும் அளவில் மிகைப்பட்டதாகவே இருக்கும். மூன்று சிக்மாச் செய்தி ஒன்று வந்தால் மைய எண்ணை அப்படியே எடுத்துக் கோட்பாடு கட்டாதீர்கள். பிழையை மூன்றால் பெருக்கி, இதற்குக் கீழே எதைக் கண்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று ஒரு கோடு போடுங்கள். மைய எண் அந்தக் கோட்டை ஒட்டி நின்றால் அடுத்த தரவில் அது சுருங்கும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

ஒவ்வொன்றையும் தனியே அளக்கும்போது

வேறுபாடு தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: மீறல் இரு-கேயானிலா, இரு-பையானிலா? தனியே அளக்க, கழித்தலால் கரைந்த சாய்வுகளை இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாக வேண்டும். எல்எச்சிபி 2022இல் செய்தது ஒரு சங்கிலிக் கணக்கு. இரு-கேயான் சிதைவின் கச்சா எண்ணிலிருந்து, மீறல் எதிர்பார்க்கப்படாத கேயான்-பையான் சிதைவின் கச்சா எண்ணைக் கழித்தால் மெது பையானும் உற்பத்தியும் போகும், ஆனால் கேயானின் சாய்வு வந்து ஒட்டும். அதை நீக்க நேர்மின் டி மெசான் ஒரு கேயானும் இரு பையான்களுமாகச் சிதைவதைச் சேர்க்கிறோம். அதோடு வரும் மிச்சத்தை நீக்க, நடுநிலைக் கேயானும் பையானுமாகச் சிதைவதைக் கழிக்கிறோம். ஒவ்வொரு படியிலும் உந்தப் பரவல்களை எடையால் ஒத்திசைக்க வேண்டும். சார்மும் ஸ்ட்ரேஞ்சும் சேர்ந்த டி-எஸ் மெசான்களை வைத்து இன்னொரு சங்கிலியும் போட்டு இரண்டையும் ஒப்பிட்டார்கள்.

கேயானின் சாய்வு ஏன் பெரிது என்று புரிந்துகொள்வது பயன்படும். எதிர்மின் கேயானில் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் இருக்கிறது. அது கருவிப் பொருளின் அணுக்கருவில் மோதும்போது லாம்டா, சிக்மா போன்ற பேரியான்களாக மாறிவிட முடியும். நேர்மின் கேயானில் இருப்பது எதிர்-ஸ்ட்ரேஞ்ச், அதற்கு அந்த வழி அடைபட்டது. அதனால் எதிர்மின் கேயான் வழியிலேயே அதிகம் காணாமல் போகும், குறைந்த உந்தத்தில் இன்னும் அதிகமாக. பையானுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. கருக்களில் புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் இரு மின்னேற்றப் பையான்களும் ஒரே மாதிரி மோதுகின்றன.

நடுநிலைக் கேயானில் ஒளிந்திருக்கும் பொறி இன்னும் நுட்பமானது. 1964இல் கண்ட அதே மீறல் இங்கே 0.33 சதவீதச் சமச்சீரின்மையாக வந்து நிற்கும். 2012இல் பெல் குழு நேர்மின் டி மெசான் குறு ஆயுள் கேயானும் பையானுமாகச் சிதைவதில் −0.363 ± 0.094 ± 0.067 சதவீதம் கண்டது. முழுக்கவும் கேயானின் பழைய மீறலே அது, சார்மின் பங்கு பூஜ்யத்தோடு ஒத்திருந்தது. இந்த 0.33 ஒரு மாறிலி என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள். கேயான் எவ்வளவு நேரம் பறந்த பிறகு சிதைந்தால் உங்கள் கருவி அதைப் பிடிக்கும் என்பதைப் பொறுத்து அது மாறும். தொடக்கத்திலேயே சிதைந்தவற்றை மட்டும் பிடிக்கும் அமைப்பில் மிகச் சிறியதாகிவிடும்.

2022 முடிவு: இரு-கேயானில் நேரடி மீறல் (சிதைவிலேயே எழும் மீறல்) 0.077 ± 0.057 சதவீதம், இரு-பையானில் 0.232 ± 0.061 சதவீதம். பின்னது 3.8 சிக்மா. டவுன், ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகளை இடம் மாற்றினால் வன்விசைக்கு வேறுபாடு தெரியாது என்ற தோராயச் சமச்சீர்மைப்படி இவ்விரண்டும் எதிரெதிர்க் குறியோடு சம அளவில் இருக்க வேண்டும். கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வந்ததோ 0.309.

இங்கே பென்சிலை எடுங்கள். இரு பிழைகளின் வர்க்கத்தை மட்டும் கூட்டி மூலம் எடுத்தால் 0.083, முரண்பாடு 3.7 சிக்மா என்று தோன்றும். அது தவறு. இரண்டு எண்களின் பிழைகளும் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறி இறங்குபவை, அவற்றுக்கு இடையே ஒட்டுறவுக் கெழு 0.88. அதைச் சேர்த்தால் கூட்டுத்தொகையின் பிழை 0.114, முரண்பாடு 2.7 சிக்மா மட்டுமே. அதே ஒட்டுறவை வேறுபாட்டுக்குப் போட்டுப் பாருங்கள், பிழை 0.029க்குச் சுருங்கி 2019 முடிவோடு பொருந்தும். ஒட்டுறவு அட்டவணையைப் படிக்காமல் சிக்மாவை எண்ணுவது இந்தத் துறையில் மிக எளிதாக நடக்கும் பிழை.

அப்படியானால் 2.7 சிக்மா புதிய இயற்பியலா? எங்கள் கருத்தில், இன்னும் இல்லை. எண்ணின் நம்பகத்தைவிடக் கோட்பாட்டின் நம்பகம் இங்கே குறைவு. நேரடி மீறல் தோன்ற இரண்டு வழிகளில் சிதைவு நடக்க வேண்டும். அவற்றுக்கிடையே மென்விசைக் கட்டக் கோணமும் வேறாக இருக்க வேண்டும், வன்விசைக் கட்டக் கோணமும் வேறாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பூஜ்யமானாலும் மீறல் மறையும். நாம் அளப்பது பெருக்கல் பலன். மென்விசைப் பங்கு நமக்கு நன்றாகத் தெரியும். டி0வின் நிறையில் வன்விசைப் பங்கைக் கணிக்க இன்னும் நல்ல வழி இல்லை. அந்தச் சமச்சீர்மையும் தோராயமானதுதான். இரு-கேயான் சிதைவு இரு-பையானைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகம் நடப்பதே அது எவ்வளவு முறிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது.

கேயானிலும் இதே நிலை வந்தது. மறைமுக மீறலோடு ஒப்பிட்ட நேரடி மீறலின் அளவை செர்னின் என்ஏ48, ஃபெர்மி ஆய்வகத்தின் கேடெவ் ஆய்வுகள் இரண்டும் அளந்து, சராசரி 0.00166 ± 0.00023 என்று நிலைத்திருந்தது. வெளியையும் காலத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் செய்து 2015இல் வந்த கணிப்பு 0.000138 என்றது. அளவீட்டோடு 2 சிக்மா இடைவெளி, உடனே புதிய துகள்கள் பேசப்பட்டன. அதே குழு மேம்பட்ட முறையில் 2020இல் செய்த கணிப்பு 0.00217, பிழை சுமார் 0.0008. இடைவெளி மூடிவிட்டது. அளவீடு அசையவே இல்லை, அசைந்தது கணிப்பு.

மியூவானில் வந்த சாய்வு

கழிப்பதற்கு எவ்வளவு பின்னணி இருக்கிறது என்பதையும் தடயத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ஃபெர்மி ஆய்வகத்தின் டி-ஜீரோ ஆய்வு 2010இல் ஒரே மின்னேற்றம் கொண்ட மியூவான் இணைகளில் −0.957 ± 0.251 ± 0.146 சதவீதச் சமச்சீரின்மை கண்டது. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதும் இடம் என்பதால் உற்பத்திச் சாய்வு இல்லை, காந்தத்தையும் தவறாமல் புரட்டினார்கள். ஆனால் கேயான் மறுபடி வந்தது. பொருளில் காணாமல் போகாமல் தப்பிய நேர்மின் கேயான்கள் அதிகம் என்பதால், அவற்றிலிருந்து பிறக்கும் நேர்மின் மியூவான்களும் அதிகம். அந்தச் சாய்வைத் தரவிலிருந்தே அளந்து கழித்தார்கள், கவனமான வேலை அது. முழுத் தரவிலும் 3.6 சிக்மா மிஞ்சியது. எல்எச்சிபி இதே மீறலைப் பி மெசான், ஸ்ட்ரேஞ்ச் குவார்க் சேர்ந்த பி-எஸ் மெசான் எனத் தனித்தனியாக அளந்தபோது இரண்டும் பூஜ்யத்தோடு ஒத்தன. பல மூலங்கள் கலந்து வரும் கூட்டு அளவீட்டைவிட மூலத்தைப் பிரித்தறியும் அளவீட்டுக்கு அதிக எடை கொடுப்பதே சரி என்று நினைக்கிறோம்.

கையால் செய்து பார்க்க

இவற்றைப் படித்து மட்டும் பழகிவிட முடியாது. செர்னின் திறந்த தரவுத் தளத்தில் எல்எச்சிபி 2011 தரவிலிருந்து பி மெசான் மூன்று ஹாட்ரான்களாக (இங்கே கேயான்கள், பையான்கள்) சிதையும் மாதிரிகளை மாணவர்களுக்காக வைத்திருக்கிறது. மேல்நோக்கிய காந்தம், கீழ்நோக்கிய காந்தம், கணினியில் உருவாக்கிய பாவனைத் தரவு என மூன்று கோப்புகள். பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர் இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

பாவனைக் கோப்பில் தொடங்குங்கள். மூன்று தடங்களுக்கும் கேயான் நிறை 493.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் கொடுத்து, உந்தத்திலிருந்து ஆற்றலைக் கணக்கிட்டு, கூட்டு நிறையை வரைந்தால் 5279இல் கோடு போல வர வேண்டும். வராவிட்டால் அலகையோ உந்தக் கூறுகளையோ குழப்பியிருக்கிறீர்கள். உண்மைத் தரவுக்கு வந்ததும் மியூவான் எனக் குறிக்கப்பட்ட தடங்களை விலக்கி, கேயான் நிகழ்தகவு அதிகமாகவும் பையான் நிகழ்தகவு குறைவாகவும் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுகளை மொத்த எண்ணிக்கையைப் பார்த்தே தீர்மானியுங்கள், சமச்சீரின்மையைப் பார்த்து அல்ல. பார்த்துக்கொண்டே வெட்டினால் விரும்பிய எண்ணை நோக்கிக் கை தானாக நகரும். ஆய்வுக் குழுக்கள் முடிவோடு தெரியாத ஓர் எண்ணைக் கூட்டி மறைத்து வைத்துவிட்டு, எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே திறப்பது இதற்காகத்தான்.

பிறகு எதிரெதிர் மின்னேற்ற இணைகளின் நிறையை வரையுங்கள். 1865 அருகே டி0 சிகரம் தெரியும். அதைச் சுற்றிச் சுமார் 30 மெகா எலக்ட்ரான்வோல்ட் விலக்குங்கள். மிஞ்சிய சிகரத்தைப் பொருத்தி, 5400க்கு மேலுள்ள பகுதியிலிருந்து பின்னணியின் சரிவை எடுத்து, எதிர்மின், நேர்மின் பி மெசான்களைத் தனியே எண்ணுங்கள். இந்தத் தரவைக் கொண்டு எல்எச்சிபி 2013இல் வெளியிட்ட மூன்று-கேயான் முடிவு −4.3 சதவீதம், புள்ளியியல் பிழை 0.9, சிகரத்தில் சுமார் 22,000 சிதைவுகள். உங்கள் எண் +4 என்று வந்தால் கலங்க வேண்டாம். எதிர்மின்னிலிருந்து நேர்மின்னைக் கழிப்பதே இங்கே வழக்கம், நீங்கள் மாற்றிக் கழித்திருப்பீர்கள்.

உங்கள் எண் கச்சா எண் என்பதை மறக்கக் கூடாது. கேயானின் சாய்வும் பி மெசானின் உற்பத்திச் சாய்வும் அதில் உண்டு. அவற்றை நீக்க ஜே-சை மெசானும் கேயானுமாகச் சிதையும் பி மெசானைக் கட்டுப்பாட்டு மாதிரியாகப் பயன்படுத்தினார்கள். கடைசியாக, இணை நிறைகளின் தளத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சமச்சீரின்மையைப் பாருங்கள். மொத்தத்தில் 4 சதவீதமாக இருப்பது, இரண்டு இணைகளில் நிறை குறைந்ததின் நிறை வர்க்கம் 1.2 முதல் 2 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் வர்க்கம் உள்ள பகுதியில் 20 சதவீதத்தைத் தாண்டுவதைக் காண்பீர்கள். வன்விசைக் கட்டக் கோணம் இடத்துக்கு இடம் மாறுவதை நேரில் பார்ப்பது அது. ஆனால் நூறு கட்டங்கள் போட்டால் ஒன்றிரண்டில் 2.5 சிக்மா தற்செயலாகவே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டுப்பாட்டு மாதிரியைத் தேர்ந்தெடுப்பதற்கு நல்ல முன்மாதிரி 2025இல் வந்தது. பாட்டம் குவார்க் கொண்ட லாம்டா பேரியான் புரோட்டான், கேயான், இரு பையான்களாகச் சிதைவதில் 2.45 ± 0.46 ± 0.10 சதவீத மீறலை எல்எச்சிபி கண்டது. 5.2 சிக்மா, பேரியானில் முதன்முறை. எதிர்ப்புரோட்டான் கருவிப் பொருளோடு மோதி அழிந்துபோகும் என்பதால் இங்கே சாய்வு கேயானைவிடக் கடினம். அவர்கள் தேர்ந்தது அதே பேரியான் முதலில் சார்ம் லாம்டாவாகவும் பையானாகவும் உடைந்து, பிறகு அதே நான்கு துகள்களில் முடியும் சிதைவை. தாயும் ஒன்று, மக்களும் ஒன்று, நடுவழி மட்டும் வேறு. கழித்ததும் எல்லாம் கரைந்தது. அளவு இப்போதைய கோட்பாட்டோடு ஒத்துத்தான் போகிறது.

சார்மில் அடுத்து எங்கே பார்ப்பது என்றால், நேர்மின் டி மெசான் நேர்மின் பையானும் நடுநிலைப் பையானுமாகச் சிதைவதைச் சொல்வோம். இப்போதைய கோட்பாட்டின்படி அங்கே சிதைவுக்கு ஒரே வழிதான், குறுக்கிட இரண்டாவது இல்லை. மீறல் ஏறத்தாழப் பூஜ்யமாக இருக்க வேண்டும். வன்விசைக் கணக்கின் தெளிவின்மை இங்கே சாக்காக வர முடியாது. நடுநிலைப் பையான் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைவதால் எல்எச்சியின் நெரிசலில் பிடிப்பது கடினம். ஜப்பானில் எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதும் பெல் 2 ஆய்வுக்கு இது பொருத்தமான வேலை. ஐஐடி மெட்ராஸ் பங்கேற்கும் ஆய்வு அது, சென்னையில் படிக்கிறவர்களுக்கு இந்தத் தரவு எட்டாத தூரத்தில் இல்லை. அங்கே புரோட்டான் சாய்வு கிடையாது. ஆனால் ஃபோட்டானும் இசட் போசானும் குறுக்கிடுவதால் சார்ம் துகள்களும் அவற்றின் எதிர்த்துகள்களும் முன்பக்கமும் பின்பக்கமும் சரிசமமாகப் போவதில்லை, ஒரு சிறு சாய்வு வரும். அது கோணத்தின் கோசைனுக்கு ஒற்றைச் சார்பு. கோசைனைச் சம இடைவெளிகளாகப் பிரித்து, நேர் கட்டத்தையும் அதற்கு இணையான எதிர்க் கட்டத்தையும் சராசரி எடுத்தால் அந்தச் சாய்வு நீங்கும். மிஞ்சும் பையான் சாய்வை வேறொரு சிதைவிலிருந்து அளந்து கழித்துவிட்டு, பிழைக்கோட்டின் நீளத்தைப் பார்த்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகு மறைத்த எண்ணைத் திறக்கலாம்.